பதினோரு மாதம் முடிந்த மறுநாள்

"அக்ரிமென்ட் முடியப்போகுது சார். அடுத்த மாசத்திலிருந்து வாடகையில ரெண்டாயிரம் கூடும். மெயின்டனன்ஸ் தனி. அட்வான்ஸும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கணும். சரின்னா சொல்லுங்க, புதுசா எழுதிக்கலாம்." சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை கேட்கும் பேச்சு இது. கேட்டதும் வீட்டுக்குள் எழும் கேள்வி ஒன்றுதான்: இப்படி மாற்ற அவருக்கு உரிமை இருக்கிறதா?

தமிழ்நாட்டில் இன்று நடைமுறையில் இருக்கும் சட்டம் இதற்குத் தரும் பதில் கசப்பானது. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த உரிமை அவருக்கு இல்லை. காலம் முடிந்த மறுநாள் உண்டு. குடியிருப்பவரின் பாதுகாப்பு அந்த ஓர் இரவில் பெருமளவு கரைந்துவிடுகிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், நெடுங்காலமாக இருந்த ஓர் அநீதியை நீக்கியது. அது தேவையான செயல். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கட்டத்தில் அது குடியிருப்பவரைத் தனியே விட்டுவிட்டது என்பதுதான் என் வாதம்.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய நிலையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அவசர ஆணைகளாகப் பிறந்து, 1946, 1949 ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்து, 1960இல் நிலைபெற்றது நம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் கீழ் ஒப்பந்தக் காலம் முடிவது பெரிய நிகழ்வே அல்ல. காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் சட்டப்படி வாடகைதாரராகவே தொடர்ந்தார். அவரை வெளியேற்ற வேண்டுமானால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றை உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, கட்டடத்தைப் பாழாக்கியது, வீடு உரிமையாளருக்கே தேவைப்படுவது, இடித்துக் கட்டப்போவது போன்றவை அந்தக் காரணங்கள். 'நான் கேட்கும் புதிய வாடகைக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 1979இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இத்தகைய வழக்குகளில் சொத்து மாற்றுச் சட்டப்படி குத்தகையை முடித்துவைக்கும் அறிவிப்பு அனுப்பத் தேவையே இல்லை என்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாற்றும் ஒருவரை அந்தச் சட்டம் சொல்லும் வழியில் மட்டுமே வெளியேற்ற முடியும் என்றால், தனியாக ஓர் அறிவிப்பு அனுப்பி ஆவது ஒன்றுமில்லை என்பது அதன் தர்க்கம்.

வாடகைக்கும் ஒரு கடிவாளம் இருந்தது. நியாய வாடகை என்று ஒன்றை அதிகாரி நிர்ணயிக்கலாம். கட்டடத்தின் செலவையும் மனையின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 12 என்ற கணக்கில் அது அமைந்தது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் இருந்த வீடுகளுக்கு முதலில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கடைகளுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லாதபோது வீடுகளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு, 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. அதன்பின் ஏறக்குறைய எல்லாத் தனியார் வீடுகளும் கடிவாளத்துக்குள் வந்தன. கோயில்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான கட்டடங்கள் மட்டும் 1976இலிருந்தே அரசாணை மூலம் வெளியே நின்றன.

இந்த ஏற்பாட்டில் வாடகைதாரர் பெற்ற பாதுகாப்பு பெரியது. அதற்கான விலையைப் பல நேரங்களில் கொடுத்தவர்கள் சிறிய வீட்டுக்காரர்கள். ஓய்வூதியமில்லாத ஒருவர், மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டு அதிலேயே முதுமையைக் கழிக்க நினைத்திருப்பார். குடிவந்தவர் ஆண்டுக்கணக்கில் பழைய வாடகையே கொடுத்தார். அவருக்குப் பின் மகனும் அதே தொகையில் தொடர்ந்தார். காலி செய்யக் கேட்டால் வழக்கு. வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என்று ஒரு தலைமுறையே அதில் போனது. மகாராஷ்டிரத்தின் சட்டம் பற்றி 1997 இறுதியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலத்துக்கேற்ப மாறாமல் உறைந்துபோன வாடகை நியாயமற்றது என்று வெளிப்படையாகவே சொன்னது. வாடகைக்கு விட அஞ்சிப் பூட்டியே வைத்த வீடுகள் பெருகின. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அத்தனைக்கும் வாடகைச் சட்டத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவையும் அதில் உண்டு. ஆனால் அச்சம் உண்மையானது.

நம் வாடகைப் பழக்கங்கள் சில அந்த அச்சத்தின் காலத்தில்தான் இறுகின. 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத விதியாகவே ஆனது. சட்டம் தன்னைக் காப்பாற்றாது என்று நினைத்த உரிமையாளர், குடியிருப்பவரின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொண்டார். பதினோரு மாதப் பத்திரமும் இப்படித்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும் என்கின்றன 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும். பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்து எழுதினார்கள். அந்தச் சிறிய சிக்கனம்தான் இன்று லட்சக்கணக்கான குடும்பங்களின் குடியிருப்புரிமையைப் பதினோரு மாதத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது. பழைய சட்டம் இருந்தவரை இந்த வெட்டு வலிக்கவில்லை. பத்திரம் முடிந்தாலும் குடித்தனம் முடியவில்லை. 2019 பிப்ரவரி 22 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, 1960ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கப்பட்டபோதுதான் அந்தப் பதினோரு மாதம் உண்மையான எல்லையாக மாறியது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது? வாடகை எவ்வளவு என்பது இருவரும் பேசி முடிவு செய்வது. ஒப்பந்தம் கண்டிப்பாக எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாள்களுக்குள் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம். குறிப்பிட்ட காலத்துக்கு விடப்பட்ட வீட்டின் வாடகையை அந்தக் காலத்துக்குள் உயர்த்த முடியாது. உயர்த்த வேண்டுமானால் எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பது ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஐந்தாம் மாதத்தில் வந்து "இந்த மாசத்திலிருந்து ஆயிரம் கூட" என்று கேட்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை. மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிச் செலவு, மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று நடுவில் சேர்க்கும் எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதைத் தர மறுக்கலாம். இதுவரை சட்டம் குடியிருப்பவரின் பக்கம் உறுதியாக நிற்கிறது.

ஐந்தாம் பிரிவுக்கு வந்தால் குரல் மாறுகிறது. காலம் முடிவதற்கு முன், புதுப்பித்துத் தரும்படி வாடகைதாரர் உரிமையாளரை அணுகலாம். உரிமையாளருக்குச் சம்மதமானால் இருவரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளின்படி புதிய ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இவ்வளவுதான். சம்மதம் இல்லையென்றால் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. சம்மதத்துக்கு விலையாக என்ன கேட்கலாம் என்பதற்கு எல்லையும் இல்லை. புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் தங்கினால் இரட்டிப்பு வாடகையில் தொடங்கும் இழப்பீட்டைக் கட்ட நேரும்.

வாடகை உயர்வு பற்றிய பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. உயர்வு பற்றி முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு கிடைத்த பிறகும், வாடகைதாரர் தான் காலி செய்யப்போவதாகப் பதில் அறிவிப்பு தரவில்லையென்றால், கேட்கப்பட்ட உயர்வை அவர் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நம் வீடுகளில் இத்தகைய விஷயங்களுக்கு எழுத்தில் பதில் தரும் வழக்கமே கிடையாது. "பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பழைய வாடகையையே அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அந்த மௌனத்தைச் சட்டம் சம்மதமாக எழுதிக்கொள்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. உயர்வு அநியாயம் என்று நினைத்தால் வாடகை அதிகாரியிடம் முறையிட வழி இருக்கிறது. ஆனால் முறையிடுபவர், ஒப்பந்தம் முடியப்போகும் வீட்டில் இருந்துகொண்டு, அதைப் புதுப்பிக்க வேண்டிய மனிதர் மீதே முறையிட வேண்டும்.

'இருவரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகள்' என்ற சொற்கள் இரு சமமான மனிதர்களைக் கற்பனை செய்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சமம் எங்கே உடைகிறது என்று தெரியும். மாதம் 15,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் 1,50,000 ரூபாய் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் 2,000 உயர்த்துகிறார். பதினோரு மாதத்துக்கு 22,000 ரூபாய் கூடுதல். மறுத்து வேறு வீடு போனால் என்ன ஆகும்? தரகருக்கு ஒரு மாத வாடகை 15,000. பழைய வீட்டு அட்வான்ஸிலிருந்து பெயின்டிங் என்று பிடிப்பது இன்னொரு 15,000. சாமான் ஏற்றிப்போகும் வண்டி தனி. இதற்கெல்லாம் முன்பாகப் புதிய வீட்டுக்கு 1,50,000 ரூபாயை எண்ணி வைக்க வேண்டும். பழைய அட்வான்ஸோ காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும். இடைப்பட்ட நாள்களுக்கு நகையை அடகு வைப்பார்கள், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார்கள். ஆக, 30,000 ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போவதைவிட 22,000 கொடுத்து இருந்துவிடுவது மேல் என்ற முடிவுக்குக் குடும்பம் வருகிறது. உரிமையாளரும் இந்தக் கணக்கை அறிவார். சந்தை வாடகை என்ன என்பதைவிட, காலி செய்தால் இவர்களுக்கு எவ்வளவு செலவாகும் என்பதே உயர்வின் உண்மையான உச்சவரம்பாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே உயர்ந்த வாடகையிலிருந்து பேச்சு மறுபடி தொடங்கும்.

பணத்தில் அடங்காதவையும் உண்டு. பத்திரம் ஜனவரியில் முடிந்தால் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு நடுவில் நிற்கிறது. ஆடியிலோ மார்கழியிலோ முடிந்தால் புது வீட்டில் பால் காய்ச்சக் குடும்பத்துப் பெரியவர்கள் ஒப்புவதில்லை. சாதி கேட்டு, மதம் கேட்டு, அசைவம் சமைப்பீர்களா என்று கேட்டு, தனியாக வாழும் பெண் என்றால் இன்னும் பல கேட்டு வீடு மறுக்கும் தெருக்கள் நம் நகரங்களில் நிறைய இருக்கின்றன. அப்படி மறுக்கப்பட்டு மறுக்கப்பட்டு ஒரு வீடு கிடைத்தவருக்கு, புதுப்பித்தலின்போது பேரம் பேசும் வலிமை என்ன இருக்கும்? 'ஒத்துக்கொள்ளும் நிபந்தனை' என்பது யாருக்கு எவ்வளவு வேறு வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முன்பணத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதும் இங்கே முக்கியமாகிறது. மூன்று மாத வாடகையை அது எல்லையாகக் குறிக்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக உடன்பட்டால் அதற்கும் வழிவிடுகிறது. வீடு தேவைப்படுபவர் எதற்கும் உடன்படுவார் என்பதால், அந்த வழிவிடல் எல்லையையே இல்லாமலாக்கிவிட்டது. காலி செய்த பின் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் நம் சட்டம் சொல்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்த இடத்தில் மேலானது. குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது, சாவியை வாங்கும் அன்றே கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. தமிழ்நாடு அதற்கு முன்பே சட்டம் இயற்றிய மாநிலம். பின்னால் வந்ததில் நல்லதாக இருப்பதை எடுத்துக்கொள்வதில் தாழ்வில்லை.

இந்த நிலையில் குடியிருப்பவர் கையில் மிஞ்சும் வலுவான கருவி, முதல் நாள் எழுதும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கும் புதுப்பித்தல் ஷரத்து. அதை எழுதும் விதத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. 'பின்னர் இருவரும் பேசி ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் புதுப்பித்துக்கொள்ளலாம்' என்று எழுதினால் அது பெரும்பாலும் எதற்கும் உதவாது. எதற்கு உடன்பட்டோம் என்பது நிச்சயமாகத் தெரியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. மாறாக, 'வாடகைதாரர் விரும்பினால் மேலும் பதினோரு மாதத்துக்கு, நூற்றுக்கு இவ்வளவு உயர்வுடன் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு' என்று எழுதினால் அது உரிமையாகிறது. புதுப்பிக்கும் உரிமையைத் தந்துவிட்டு நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டிருந்தால், பழைய காலஅளவும் பழைய நிபந்தனைகளுமே புதிய குத்தகைக்கும் பொருந்தும் என்றும், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும் உரிமை மட்டும் அதில் அடங்காது என்றும் உச்ச நீதிமன்றம் 2003இல் விளக்கியிருக்கிறது.

நீட்டிப்பும் புதுப்பித்தலும் ஒன்றல்ல என்பதையும் நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. நீட்டித்தால் பழைய குத்தகையே தொடர்கிறது. புதுப்பித்தால் புதிய குத்தகை பிறக்கிறது, அதற்குப் புதிய ஆவணம் வேண்டும். இன்னொன்று, காலக்கெடு. இத்தனை மாதம் முன்பு தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த நாளைத் தவறவிட்டவருக்குச் சலுகை கிடைப்பது அரிது. கால்டெக்ஸ் நிறுவனம் தொடர்பான பழைய வழக்கொன்றில், குறித்த கெடுவுக்குள் விருப்பத்தைத் தெரிவிக்காததால் அந்தப் பெரிய எண்ணெய் நிறுவனமே புதுப்பிக்கும் உரிமையை இழந்தது. சட்டத்துறையும் வழக்கறிஞர்களும் வைத்திருந்த நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகும் குடும்பங்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எழுதியதைப் பதியவும் வேண்டும். புதிய சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 4அ பிரிவின்படி, பதியாத ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படாது. உரிமையாளர் பதிய மறுத்தால் வாடகைதாரரே விண்ணப்பிக்கலாம். இணையத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்து, புதிதாக எதுவும் எழுதாமல், மாதாமாதம் வாடகை மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும் வீடுகள்தான் நம் ஊரில் எண்ணிக்கையில் மிகுதி. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. காலம் முடிந்த பிறகும் உரிமையாளர் வாடகையை வாங்கிக்கொண்டு, தொடர்ந்து இருக்கச் சம்மதித்தால், வீட்டுக் குத்தகை மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். பணத்தை வாங்கிய செயல் மட்டும் போதாது, தொடர்வதற்கான சம்மதம் இருந்தது தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. காலி செய்யச் சொல்லி அறிவிப்பு அனுப்பிவிட்டு வாடகையை வாங்கினால் அது சம்மதம் ஆகாது. மாதக் குத்தகையைப் பதினைந்து நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம் என்பதால் இது மெல்லிய பாதுகாப்புதான். என்றாலும் வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கி வழியாக அனுப்பி, எந்த மாதத்துக்கான வாடகை என்று குறிப்பெழுதுவது நல்லது. ரசீது கேட்பது அவமரியாதை ஆகாது. கொடுப்பது சட்டப்படி உரிமையாளரின் கடமை. அவர் வாடகையையே வாங்க மறுத்தால், பாக்கிதாரர் என்ற பழி வராமல் இருக்க வாடகை அதிகாரியிடம் அதைச் செலுத்தும் வழியும் உண்டு.

புதிய நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நடப்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் 'ரிப்பேர்' ஆகிவிடும். மாடிப்படி விளக்கு எரியாது. ஊருக்குப் போய்த் திரும்பினால் கதவில் வேறு பூட்டுத் தொங்கும். இவற்றில் எதற்கும் எந்தக் காலத்திலும் சட்டம் இடம் தந்ததில்லை. குத்தகை முடிந்துபோன பிறகும் நீதிமன்ற வழியில் அல்லாமல் பலவந்தமாக ஒருவரை வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே தெளிவாக்கிவிட்டது. அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தால், வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போகாமல் அவருக்குச் சுவாதீனத்தைத் திருப்பித் தர 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் வழி செய்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தடுத்தால் வாடகை அதிகாரி விசாரித்து ஆணையிடலாம் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. பலரும் இந்த வழியை அறியாமல் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தரும் இடம் வேறொன்று. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே, எழுத்தில் எதுவும் இல்லாமல், வாய்ப்பேச்சின் நம்பிக்கையில் இருபது முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள், கடை நடத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் உரிமையாளர்களும் புதிதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கெடு விதித்தது. அந்தக் கெடு சில முறை நீட்டிக்கவும் பட்டது. இருவரும் எழுதிக்கொள்ளத் தவறினால் அதுவே வெளியேற்றுவதற்கான காரணமாக 21ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. எழுதத் தவறியது யாரால் என்று அந்த வரி பிரித்துப் பார்க்கவில்லை. வாடகைதாரர் பேனாவோடு காத்திருக்க, உரிமையாளர் ஐந்து மடங்கு வாடகை கேட்டுக் கையெழுத்துப் போட மறுத்தாலும் விளைவு ஒன்றே. பழைய உறைந்த வாடகை உயரத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயர்வுக்கு ஒரு நடுவர் இல்லாமல், ஒரு தரப்பின் மறுப்பையே மறுதரப்பின் குற்றமாக்குவது நீதி ஆகாது.

கடைக்காரர்களின் இழப்பு வீட்டாருடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு தெருவில் பெயர் சேர்த்த மளிகைக்கடையின் மதிப்பு அந்த இடத்தோடு ஒட்டியது. உள்ளலங்காரத்துக்கும் அலமாரிகளுக்கும் போட்ட பணத்தைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஒன்பதாண்டு, மூன்றாண்டுக்கொருமுறை இத்தனை விழுக்காடு உயர்வு என்று முன்பே எழுதிப் பதிகின்றன. சிறிய கடைக்காரர் அதே பதினோரு மாதப் பத்திரத்தில் தன் வாழ்நாள் உழைப்பைப் போடுகிறார். போக்கியத்துக்கு வீடு எடுப்பவர்களின் சிக்கல் வேறு வகை. நான்கைந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் இந்த ஏற்பாட்டில், காலம் முடியும்போது உரிமையாளர் மேலும் ஒரு லட்சம் கேட்பார். இல்லையேல் திருப்பித் தரப் பணமில்லை, அடுத்த ஆள் வரட்டும் என்பார். சுவாதீன அடமானமாகப் பதிவு செய்திருந்தால்தான் பணத்துக்கு வீடே பிணை. வெறும் தாளில் எழுதியிருந்தால் அது வெறும் கடனாக நிற்கும் அபாயம் உண்டு.

வேறு நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால், நம் கேள்வியே அங்கே எழாத இடமும் இருக்கிறது. ஜெர்மனியில் குடியிருப்புக் குத்தகை இயல்பாகவே காலவரையற்றது. உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்ற, சட்டம் ஏற்கும் காரணங்களை முதலிலேயே சொன்னால்தான் காலம் குறித்து எழுதலாம். ஆகவே ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்ற சடங்கு இல்லை. வாடகை உறைந்துவிடுவதும் இல்லை. அந்த வட்டாரத்தின் ஒப்பீட்டு வாடகைவரை உயர்த்தலாம். ஆனால் மூன்றாண்டில் நூற்றுக்கு 20க்கு மேல் போகக்கூடாது, வீட்டுத் தட்டுப்பாடுள்ள நகரங்களில் 15. வாடகையை உயர்த்துவதற்காகவே குத்தகையை முடிப்பது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. உரிமையாளரின் வருமானத்தையும் குடியிருப்பவரின் நிலைத்தன்மையையும் ஒரே சட்டத்துக்குள் வைக்க முடியும் என்பதற்கு இது சான்று. இங்கிலாந்தும் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் முறையை ஒழிக்கும் சட்டத்தை 2025இல் நிறைவேற்றியது. உரிமையாளரின் சுதந்திரத்தை நெடுங்காலம் தூக்கிப்பிடித்த நாடு அது.

தமிழ்நாடு ஜெர்மனியாக வேண்டியதில்லை. 1960க்குத் திரும்பவும் வேண்டியதில்லை. சில திருத்தங்கள் போதும். புதுப்பித்தல் ஷரத்து இல்லாத ஒப்பந்தத்தை வாடகை அதிகாரி பதியக்கூடாது. உயர்வின் கணக்கும் முன்னறிவிப்புக் காலமும் அதில் இடம்பெற வேண்டும். புதுப்பிக்க மறுத்தாலோ நிபந்தனையை மாற்றினாலோ இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழைய நிபந்தனையே இன்னொரு காலத்துக்குத் தொடர வேண்டும். இப்போது மௌனத்தின் சுமையைக் குடியிருப்பவர் மட்டும் சுமக்கிறார். அதை இருவருக்கும் பொதுவாக்க வேண்டும். முன்பணத்தின் மூன்று மாத எல்லையிலிருந்து 'வேறு விதமாக உடன்பட்டால்' என்ற விலக்கை எடுத்துவிட்டு, சாவி கைமாறும் நாளிலேயே மீதியைத் தரச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் பதிவான ஒப்பந்தங்களின் சராசரி வாடகையை, பெயர்கள் இல்லாமல், அரசு வெளியிடலாம். தரவு அரசின் கணினியில்தான் சேர்ந்துகொண்டிருக்கிறது. தெருவில் மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே பேரம் நேராகும்.

சட்டம் திருந்தக் காலம் ஆகலாம். அதுவரை வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவிலிருந்து பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். முடியும் தேதி, முன்னறிவிப்புக் காலம், உயர்வு பற்றிய வரி, பதிவு எண் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே, தொடர விரும்புவதாக வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த முறை கையெழுத்திடுவதற்கு முன், புதுப்பிக்கும் உரிமையையும் உயர்வின் அளவையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். குடிவரும் நாளில் உங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர். கேட்டால் எழுதித் தர வாய்ப்பிருப்பதும் அந்த நாளில்தான்.